அண்ணன் தொடாத நாலாம் அதிகாரம்

"அப்பா சொன்னது நடக்கலைன்னா பொய் சொன்னது யாரும்மா? அப்பாவா, ஆண்டவரா?"

"வாயை மூடுடி. கதவு திறந்திருக்கு. அப்பா ஷேவ் பண்ணிட்டிருக்கார்."

"கேக்கட்டுமே! சபையே கேக்குது. நான் கேட்டா மட்டும் குத்தமா?"

"சபை கேக்கறது வேற, பெத்த பொண்ணு கேக்கறது வேற. தட்டை எடுத்து வை. நீ இன்னிக்கு சித்தப்பா கூட்டத்துக்குப் போகலை. அவ்வளவுதான்."

"அவங்களுக்கு கீபோர்டு வாசிக்க ஆள் இல்லம்மா. வரேன்னு வாக்கு குடுத்துட்டேன். இந்த வீட்ல வாக்கு குடுத்தா காப்பாத்தணும்னு சொன்னது யாரு?"

குளியலறைக் கண்ணாடியின் முன்னால் ஒரு கன்னத்தில் நுரையோடு நின்றிருந்த பாஸ்டருக்கு ரேசர் நகரவில்லை. பெற்ற மகளின் வாய்ச்சாலகம் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தார். பதில் கண்ணாடியிலேயே இருந்தது. அவசரமாக இழுத்ததில் தாடையில் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். பாஸ்டரின் தம்பி பல வருஷமாகச் சபையில் மைக் பார்த்தவன். அண்ணன் பிரசங்கம் செய்வார். தம்பி பின்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டுவான், குறைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தம்பி எழுந்து பேசினான். ஜனங்கள் வாசலில் நின்று, "சின்னவர் என்னமா பேசறார்!" என்று மெச்சிக்கொண்டார்கள். அது அண்ணன் காதில் விழுந்தது. அடுத்த வாரமே தம்பியை மைக் பெட்டிக்குப் பின்னால் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மேலே ஏற்றவில்லை.

தம்பி பொறுத்துப் பார்த்தான். பிறகு கடைத்தெருவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாகக் கூட்டம் ஆரம்பித்தான். சில குடும்பங்கள் அவன் பின்னால் போயின.

அண்ணனுக்கு வந்தது ஆத்திரம். பிரசங்க பீடத்தில் நின்று, "இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்தக் கூடத்துக்குப் பூட்டு விழும்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் வாய்த்துடுக்கு என்று போயிருக்கும். கை தட்டினார்கள் என்று இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தார். "கர்த்தர் சொல்லுகிறார்!"

இன்று மாசத்தின் கடைசி ஞாயிறு. பூட்டு விழவில்லை.

*

காலை ஆராதனையில் பாஸ்டர் எதைப் பேசினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மைக் உய்யென்று இரைந்துகொண்டே இருந்தது. தம்பி போனதிலிருந்து அந்த இரைச்சல் போகவே இல்லை. பெஞ்சுகளில் அங்கங்கே பல் விழுந்தாற்போல இடைவெளி.

முடிந்ததும் சபையின் பெரியவரான மூப்பர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தங்கமான மனுஷர், ஆனால் பாஸ்டர் இருமினால்கூட அதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்று நம்புகிறவர்.

"பாஸ்டர், ஜனங்க குசுகுசுன்னு பேசறாங்க. சாயங்கால ஜெபத்துல ஏதாவது சொல்லிடுங்க."

"என்னத்தைச் சொல்றது?"

"நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? உங்க வார்த்தை கீழ விழாது. விழ விட்டுடுவோமா?"

அந்த "விட்டுடுவோமா" ஏதோ மாதிரி இருந்தது. ஆனால் பாஸ்டர் அன்று எதையும் நின்று யோசிக்கும் நிலையில் இல்லை. வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். பேனைப் போட்டார், அணைத்தார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"ஆஸ்பத்திரியில ஒருத்தரைப் பாத்து ஜெபம் பண்ணிட்டு வரேன்" என்றார் மனைவியிடம்.

"சரிங்க. எனக்கும் தலைவலி. கொஞ்சம் படுக்கறேன்" என்றாள் அவள். மகள் சிநேகிதி வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பியிருந்தாள்.

ஸ்கூட்டர் ஆஸ்பத்திரித் திருப்பத்தில் திரும்பவே இல்லை.

*

தம்பியின் கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு சாமான் வேன் நின்றிருந்தது. அதன் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாய்ந்து நின்றார். எல்லாம் எதற்கு? கர்த்தருடைய ஊழியக்காரர் ஒருவர், தன் கூடப்பிறந்தவன் கடையைக் கட்டுகிறானா இல்லையா என்று பார்க்க.

பார்த்தார். கூடத்து வாசலில் ஜனங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். படியில், நடைபாதையில், சைக்கிள்களுக்கு நடுவில்.

பாஸ்டருக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. பூட்டிட்டாங்க! ஓனர் உள்ளே விடலை! ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்!

பக்கத்தில் நின்ற வேன் டிரைவரிடம் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். "என்னங்க, அங்க எல்லாரும் வெளியில நிக்கறாங்க? கதவைப் பூட்டிட்டாங்களா?"

"பூட்டறதா? உள்ள கால் வைக்க எடம் இல்லீங்க. வாரா வாரம் இதே கதைதான். என் வண்டியை எடுக்கவே வழி விட மாட்டேங்கறாங்க."

துள்ளிய நெஞ்சு அப்படியே உட்கார்ந்தது.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். வேன் நகர்ந்தது, நிழலும் கூடவே போயிற்று. மத்தியான வெயில் ஹெல்மெட் மேல் வந்து இறங்கியது. பாஸ்டருக்கு அப்படி ஒரு கோபம்!

"யோவ், கொஞ்ச நேரம் நிறுத்தினா என்ன கொறஞ்சு போயிடும்?"

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நல்லா இருக்கே! வண்டி என்னுது. நிழலுக்கு முன்பணம் ஏதாச்சும் குடுத்து வச்சிருக்கீங்களா?"

போய்விட்டார். வெயிலில் தனியாக நின்றவருக்கு அப்போதுதான் கூடத்தின் ஸ்பீக்கர் காதில் விழுந்தது. முதலில் கீபோர்டு. பல்லவிக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம், பிறகு ஓட்டம். அந்தத் தயக்கத்தை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பார். சிநேகிதி வீட்டில் படிக்கிற லட்சணம்!

அடுத்து தம்பியின் குரல். துளி இரைச்சல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

"யோனா தீர்க்கதரிசி கப்பல்ல ஏறினாரு. ஏன்? போகச் சொன்ன ஊருக்குப் போகப் பிடிக்கலை. ஆண்டவர் கிழக்க போன்னா, இவரு மேற்க டிக்கெட் எடுத்தாரு. அதுவும் திரும்பி வர டிக்கெட் எடுக்கலை!"

கூட்டம் சிரித்தது.

திருட்டுப் பயல்! அது பாஸ்டருடைய பிரசங்கம். அந்த டிக்கெட் வரை அவருடையது. தொண்டையைச் செருமுகிற இடம்கூட மாறவில்லை. ஆனால் ஒன்று அவரைக் குடைந்தது. அவர் சொல்லும்போது இந்த இடத்தில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

தம்பி, யோனாவை விழுங்கிய மீனுக்கு வந்தான், அது அவரைக் கக்கிய கரைக்கு வந்தான், ஊரே மனம் திரும்பி ராஜா சாம்பலில் உட்கார்ந்த இடத்துக்கு வந்தான். பாஸ்டரின் உதடு தன்னால் அசைந்தது. அடுத்த வரி அவருக்குத் தெரியும்: எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.

தம்பி அதைச் சொல்லவில்லை.

"இது வரைக்கும் எங்க அண்ணன் சொல்லிக் குடுத்தது. அண்ணன் எப்பவும் இந்த எடத்துல முடிச்சிடுவாரு. நான் மைக்கை அணைக்க ரெடியா இருப்பேன். இதுக்கு அப்புறம் யோனா புஸ்தகத்துல நாலாவது அதிகாரம்னு ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. அதனால எனக்கும் பேசத் தெரியாது. மெதுவா சேர்ந்து படிப்போம்."

பாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஊர் அழியும்னு யோனா சொல்லியிருந்தாரு. ஜனங்க திருந்தினாங்க, ஊர் தப்பிச்சிடுச்சு. தீர்க்கதரிசிக்குச் சந்தோஷம் வரணும்ல? வரலை. கோவம் வருது. நான் சொன்னது நடக்கலையே, என் பேர் கெட்டுப் போச்சேன்னு கோவம். ஊருக்கு வெளிய போய் உட்கார்ந்துக்கறாரு. எதுக்கு? அழியுதா இல்லையான்னு பாக்க! ஆண்டவர் ஒரு செடியை முளைக்க வச்சு நிழல் குடுக்கறாரு. மறுநாள் அது பட்டுப் போகுது. வெயில் தலையில ஏறுது. அந்தச் செடிக்காக அவருக்கு வந்த வருத்தத்தைப் பாருங்க! ஊர் முழுக்க இருந்த ஜனங்களுக்காக அதுல பாதிகூட வரலை."

பாஸ்டர் தலை மேல் கை வைத்துக்கொண்டார். சுட்டது. என்னைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறான், குத்திக் காட்டுகிறான் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டர் சாவியைத் திருகினார்.

தம்பியின் குரல் இறங்கியது.

"இந்த யோனா வேற யாரும் இல்லை. நான்தான். எங்க அண்ணன் சபையில ஆள் கொறையுதுன்னு போன மாசம் ஒருத்தர் வந்து சொன்னாங்க. அப்ப எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க... அதை நினைச்சா இன்னிக்கும் வெட்கமா இருக்கு. பைபிளைக் கையில வச்சுக்கிட்டே சந்தோஷப்பட்டேன்."

சாவி பாதியில் நின்றது.

"ஐயா, ஏன் வெயில்ல நிக்கறீங்க?" ஒரு பெண்மணி ரோட்டைத் தாண்டி வந்திருந்தாள். கையில் மடக்கு நாற்காலி. "வீட்டுக்காரங்க உள்ள இருக்காங்களா? கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"ஆமா... இல்ல... இருக்காங்க."

"அப்ப உள்ளயே வந்து உட்காருங்க. உள்ள இந்த நாற்காலியைப் போட எடம் இல்லை. செருப்பு விடற எடத்துக்குப் பக்கத்துல தரையில உட்காரலாம்னா வாங்க."

பெரிய நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகிய முழங்கால்கள் மடங்க மறுத்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்புக் குவியலை ஒட்டி உட்கார்ந்தார். நிமிர்ந்தால், இரண்டு வரிசைக்கு முன்னால் அவர் மனைவி. தலைவலிக்காரி! அவளும் திரும்பினாள். இருவர் முகத்திலும் ஒரே சமயத்தில் திருட்டு முழி.

தம்பியும் பார்த்துவிட்டான். பேச்சு ஒரு கணம் தடுமாறியது. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மேலே வாங்க என்று நாடகம் போடவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து முன் வரிசையில் கொடுத்து, பின்னால் கை காட்டினான். அது கை மாறி, கை மாறி, செருப்புக் குவியல் வரை வந்தது. வெயிலில் நின்றால் அண்ணனுக்குத் தொண்டை வறண்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"கடைசியில ஆண்டவர் யோனாவை ஒரு கேள்வி கேக்கறாரு. செடிக்காக உனக்கு மனசு கஷ்டப்படுதே, இவ்வளவு ஜனத்துக்காக எனக்குக் கஷ்டப்படக் கூடாதா? அதுக்கு யோனா என்ன பதில் சொன்னாருன்னு எழுதலை. அப்படியே முடியுது."

*

கூட்டம் முடிந்ததும் பாஸ்டரும் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றார் பாஸ்டர்.

"பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்காரர் எப்படி இருக்கார்?"

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"அங்கயே எந்திரிச்சு மன்னிப்பு கேட்டிருக்கலாமோன்னு தோணுது. கேட்டிருந்தா எல்லாரும்..."

"கை தட்டியிருப்பாங்க" என்றாள் மனைவி. "பாஸ்டருக்கு என்ன தாழ்மை பாருன்னு அழுதிருப்பாங்க. அதுக்கும் ஒரு பேர் கிடைச்சிருக்கும் உங்களுக்கு. எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னுதாங்க சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கணும். கோவத்துல பேசினது நீங்க. அதுல கையெழுத்து மட்டும் கர்த்தரோடதா?"

 சிக்னல் பச்சையாகியும் வண்டி நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

*

சாயங்கால ஜெபத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். பூட்டு விழுந்ததா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். மூப்பர் பக்கத்து அறையில் காத்திருந்தார். முகம் பரீட்சையில் தேறிய பையன் மாதிரி மின்னியது.

"பாஸ்டர், விழுந்துடுச்சு!"

"என்ன விழுந்தது?"

"பூட்டு! கூட்டம் முடிஞ்சு உங்க தம்பி சாமானை எடுத்து வைக்கறாரு, ஓனர் வந்து சாவியைக் கேட்டு வாங்கிட்டாராம். இனிமே கூட்டம் கிடையாதுன்னுட்டார். மாசம் முடியலை பாருங்க! கர்த்தர் சொன்னா சொன்னதுதான்!"

பாஸ்டருக்குள் குபீரென்று ஒன்று பொங்கியது. சந்தோஷம். சந்தேகமே இல்லை, அது சந்தோஷம்தான். செருப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து வந்த அதே மனுஷருக்கு! தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

"ஓனர் ஏன் திடீர்னு...?"

மூப்பர் குரலைத் தாழ்த்தினார். "என் கடைக்கு வர்ற ஆள்தானே. வாசல்ல கூட்டம் நிக்குது, அக்கம்பக்கத்துக் கடைக்கெல்லாம் இடைஞ்சல்னு நான்தான் போன வாரம் எடுத்துச் சொன்னேன். உங்க வார்த்தை பொய்யாகறதை எப்படிங்க பாத்துட்டு இருக்கிறது?"

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. அன்புதான் இருந்தது. அதுதான் பாஸ்டரைக் கொன்றது. இந்த மனுஷருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார்?

வாய் திறப்பதற்குள் மூப்பர் மேடையேறி அறிவித்துவிட்டார். "ஜனங்களே, அந்தக் கூடத்துக்குப் பூட்டு விழுந்தாச்சு!" சபை "ஸ்தோத்திரம்!" என்று எழுந்து நின்றது. கை தட்டல் அடங்கவில்லை. போன தடவை இந்தச் சத்தத்தில்தான் அந்த ஒரு வார்த்தை வாயில் வந்தது. இப்போது சும்மா நின்றாலே போதும். மூப்பர் செய்தது யாருக்கும் தெரியாது. தீர்க்கதரிசி என்ற பேர் சாகிற வரை நிற்கும்.

பாஸ்டர் மைக்கைத் தொட்டார். உய்யென்றது. அணைத்துவிட்டு, படியிறங்கிக் கீழே வந்து நின்றார்.

"உட்காருங்க. கை தட்டாதீங்க. அன்னிக்கு நான் சொன்னதைக் கர்த்தர் சொல்லலை."

சத்தம் சட்டென்று அறுந்தது.

"எனக்கு எரிச்சல். என் தம்பி என்னைவிட நல்லா பேசறான்னு நீங்க சொன்னீங்க, எனக்குப் பொறுக்கலை. அந்த எரிச்சலைப் பேசிட்டு, கீழ கர்த்தர் பேரைப் போட்டேன். நான் பொய் சொன்னேன். இன்னிக்கு அங்க பூட்டு விழுந்ததும் கர்த்தரால இல்லை. என்னால. நான் சொன்ன பொய்யாலதான் விழுந்தது."

மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

"யோவ், அப்ப நாங்க எல்லாரும் முட்டாளா?" பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். யாரும் அழவில்லை, யாரும் மெச்சவில்லை. 

பாஸ்டர் பாக்கெட்டிலிருந்து சபைக் கோயிலின் சாவியை எடுத்தார். அதை முன்னால் நீட்டினார்.

"அடுத்த ஞாயிறு அவங்களுக்குக் கூடறதுக்கு எடம் இல்லை. மத்தியானத்துல இந்தக் கோயில் சும்மாதான் கிடக்கு. திறந்து விடலாம்னு கேக்கறேன். பாஸ்டரா கேக்கலை. இதுல முடிவு உங்களுது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சில் மனைவியின் கை மட்டும் மெதுவாக எழுந்தது. வாசலில் பைக் நிற்கும் சத்தம். கீபோர்டைத் தோளில் மாட்டியபடி மகள் இறங்கினாள். அவளைக் கொண்டுவந்து விட்ட தம்பி, அண்ணன் மேடையில் இல்லாமல் கீழே நிற்பதையும், நீட்டிய கையில் சாவி இருப்பதையும் பார்த்துவிட்டு, படியேறாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

மூப்பர் இன்னும் தலை நிமிரவில்லை. அவர் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

அன்பான வாசகர்களே, அந்தப் பெஞ்சில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்தது நீங்கள், கை தட்டியதும் நீங்கள். உங்கள் கை மேலே போகுமா, மடியிலேயே இருக்குமா? மனசில் உள்ளதை ஒளிக்காமல், ஏன் என்றும் சேர்த்து, ஒரு கார்டில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.